இடது அடுப்பு

கழிவுநீர் நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இரண்டு அடுப்புகள். வலது அடுப்புக்குச் சிலிண்டர். இடது அடுப்பின் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், முற்றத்தில் நிற்கும் தொட்டியில் முடிகிறது.

தொட்டி அவள் பொறுப்பு. அந்த நிலையத்தில் அவள் பொறியாளர். ஊர் அழுக்கு முழுவதும் பெரிய குளங்களுக்குப் போகும். அங்கே இயந்திரங்கள் ஓயாமல் காற்று ஊதும். நிலையத்துக்கு வரும் மின்சாரத்தில் பாதி அந்தக் காற்றுக்கே போய்விடும். தொட்டிக்குக் காற்றே ஆகாது. மூடி இறுக்கமானது. கழிவுநீரில் ஒரு சிறு பங்கு அதற்குள் போகிறது. உள்ளே இருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்று எரிவாயு விடுகின்றன. தண்ணீரை மட்டும் ஒரு பம்பு சவ்வு வழியாக உறிஞ்சி வெளியே எடுக்கிறது. சவ்வின் துளை கிருமியைவிடச் சிறியது. தண்ணீர் போய்விடும். கிருமி உள்ளேயே இருந்து மறுபடியும் தின்னும்.

தொட்டி வந்த புதிதில் இதை நாத்தனாரிடம் விளக்கினாள். உணவகத்தில் சமைப்பது நாத்தனார்தான். கணவனின் தங்கை. மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

நாத்தனார் கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"உள்ள போனா வெளிய வர முடியாது. கிடைச்சதைத் தின்னுக்கிட்டு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கணும். புகுந்த வீடுன்னு சொல்லுங்க அண்ணி."

"நான் புகுந்தது உங்க வீடுதான்."

"அதனாலதான் எனக்கு இவ்வளவு தெளிவா புரியுது."

இடது அடுப்பில் முதல் முறை தேநீர் கொதித்த அன்று, ஊழியர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார் முதலில் குடித்தாள்.

"நீங்க கொடுத்த காஸ்தான். கூச்சப்படாம குடிங்க."

குடித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு குளிர் வந்தது.

சுடர் மெல்லத் தாழ்ந்தது. முதலில் பெரிய பாத்திரம் கொதிக்க நேரமானது. பிறகு பெரிய பாத்திரம் கொதிக்கவே இல்லை. நாத்தனார் கிழங்கை இடது அடுப்பில் ஏற்றி, பாதியில் தூக்கி வலது அடுப்புக்கு மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள்.

"அண்ணி, உங்க அடுப்புக்கு மூச்சு வாங்குது."

"குளிர் இல்லையா? கிருமி மந்தமா இருக்கும்."

"எனக்கும்தான் குளிருது. நான் மந்தமாவா இருக்கேன்?"

அப்போது நிலைய மேலாளர் உள்ளே வந்தார். உயரமானவர். எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் தரையைப் பார்ப்பார், இதில் என்ன வைக்கலாம் என்று கணக்குப் போடுவதுபோல. நிலையத்துக்குப் புதிதாக ஒரு லாரி வந்திருந்தது, சேறு அள்ளிப்போக. அதற்கு ஷெட் இல்லை. மழையில் நிற்கிறது.

அவர் இடது அடுப்பையும் அதில் அசையாமல் கிடந்த தண்ணீரையும் பார்த்தார்.

"தொட்டி நிக்கிற இடம் லாரிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு," என்றார்.

"குளிர்காலம் சார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்."

"கோடைக்கு மட்டும் எரியற அடுப்பு எனக்கு எதுக்கு? கோடையில யாருக்கு அடுப்பு பிடிக்கும்?" அதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை கிரேன் வருது. அன்னிக்கு மதியச் சாப்பாடு எல்லாருக்கும் இந்த அடுப்புல ஆகட்டும். சிலிண்டரைத் தொடக் கூடாது. ஆச்சுன்னா தொட்டி இருக்கும். ஆகலைன்னா கிரேன் தூக்கிடும். நான் கெட்டவன் இல்ல. லாரி துருப்பிடிக்குது."

அவர் போனதும் நாத்தனார் பாத்திரத்தை வலது அடுப்புக்கு மாற்றினாள். இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

நிலையத்துக் குழாய் ஃபிட்டரை எல்லோரும் நுரை என்றே கூப்பிடுவார்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிரஷ். கையில் சோப்புத் தண்ணீர்க் கோப்பை. எந்த இணைப்பைப் பார்த்தாலும் ஒரு தடவு தடவுவார். வாயு கசிந்தால் நுரை கிளம்பும். கல்யாண வீட்டில் சமையல்காரரின் சிலிண்டரில்கூடத் தடவிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

இரண்டு நாள் தொட்டியைத் தலை முதல் கால் வரை தடவினார்.

"சொட்டுக் கசிவு இல்ல மேடம். என் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் தேடக்கூட நான் இவ்வளவு சுத்தல."

"மீட்டர்?"

"மீட்டரைக் கழட்டி மாட்டியாச்சு. அது சரியாத்தான் சொல்லுது. வர்றதே கம்மி."

அவள் ஆய்வறைக்குப் போனாள். சிறிய அறை. ஒரு மேஜை, ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு ஜன்னல்கள். ஜன்னல் ஓரத்தில் மாதிரி பாட்டில்கள் திறந்த வாயோடு நின்றன. சவ்வு வழியாக வந்த தண்ணீர். கண்ணுக்குக் குடிக்கலாம் போலிருக்கும். மூக்கு வேறு சொல்லும்.

சோதித்தாள். தண்ணீரில் அழுக்கு மிகக் குறைவு. கோடையில் இருந்த அளவேதான்.

தொட்டியின் உள்ளிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தாள். அங்கும் அழுக்கு தேங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கிருமி மந்தமாக இருந்தால் சாப்பாடு மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. அதாவது தின்கிறது. தின்றால் வாயு வர வேண்டும். வரவில்லை. தொட்டியில் ஓட்டை இல்லை.

மறுநாளும் சோதித்தாள். அதே விடை. அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கு தேடுவதுபோல மனம் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

காலைச் சாப்பாட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் சோடாத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். கை கழுவினாலும் விரல்களில் கிரீஸ் வாசம் போகாது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"திங்குதுங்கிற."

"ஆமா."

"ஏப்பம் விடலைங்கிற."

"ஆமா."

"வீட்ல ஒருத்தி இருக்கா. அவகிட்ட கேளு. தின்னதை எங்க ஒளிக்கிறாளோ தெரியல."

"அண்ணே, எனக்குக் காது கேக்கும்," என்றாள் நாத்தனார் சமையலறையிலிருந்து.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. "எங்கயோ போகுது," என்றாள். "மேல வரல. பக்கத்துல கசியல. பின்ன எங்க போகும்?"

"தொட்டிலேர்ந்து வேற என்ன வெளிய வருது?"

"தண்ணி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். சேறு மாசத்துக்கு ஒரு தடவை."

அவனுக்கு நேரமாகிவிட்டது. ரொட்டியின் மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தண்ணீர் மாதிரி எடுக்கும் பாட்டில்கள் அவன் கொண்டுவந்தவைதான். லேபிள் கோணலாக ஒட்டிய சோடா பாட்டில்கள். தொழிற்சாலையில் ஒதுக்கியவை. கனமான பிளாஸ்டிக், இறுக்கமான மூடி. அவற்றை வாய் வரை நிரப்பி ஆய்வறைக்குக் கொண்டுபோவது நுரையின் வேலை. ஆய்வறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: பாட்டில்களைத் திறந்து ஜன்னல் ஓரம் வைக்கவும், நாற்றம் போன பிறகே மேஜைக்குக் கொண்டுவரவும். ஆரம்பத்தில் அவளுக்கு அந்த நாற்றத்தில் தலைவலி வந்தது. அப்போது அவளே எழுதி ஒட்டியது. அழுக்கைச் சோதிக்க அதனால் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் அப்படியே செய்துவந்தார்கள்.

அன்று நுரை பாட்டிலோடு முற்றத்தைக் கடக்கும்போது மேலாளர் கூப்பிட்டார். கிரேன் உள்ளே திரும்ப இடம் போதுமா என்று டேப்பைப் பிடிக்க ஆள் வேண்டும். நுரை பாட்டிலை உணவகத்துக்குள் எட்டி, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டுப் போனார். போனவர் மறந்துவிட்டார். பாட்டில் மதியம் முழுவதும் அடுப்புச் சூட்டில் இருந்தது.

பாத்திரம் கழுவி முடித்ததும் நாத்தனார் அதைப் பார்த்தாள். சோடா பாட்டில். யாரோ தனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறார்கள். மூடியைத் திருகினாள்.

புஸ்ஸென்று சத்தம். கை நனைந்தது. சந்தோஷமாக வாய்க்குக் கொண்டுபோனாள். மூக்கு முந்திக்கொண்டது.

அவள் போட்ட கூச்சல் ஆய்வறை வரை கேட்டது.

பொறியாளர் ஓடி வந்தபோது நாத்தனார் சோப்பால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் புண்ணியவான் அழுகின முட்டையைச் சோடாவுல கரைச்சு வச்சான்?"

"குடிச்சியா?"

"குடிச்சிருந்தா இப்படிப் பேசிக்கிட்டா இருப்பேன்? அண்ணி, இது உங்க தண்ணியா? என் பலகையில என்ன வேலை இதுக்கு?"

"எப்படித் தெரிஞ்சுது சோடான்னு?"

"பாட்டிலைப் பார்த்தேன். திறந்தா புஸ்ஸுன்னுச்சு. வேற எப்படி?"

பொறியாளர் ஓர் அடி கிட்டே வந்தாள்.

"என்ன பண்ணுச்சு?"

"புஸ்."

"இன்னொரு தடவை சொல்லு."

"உங்களுக்கு என்ன ஆச்சு அண்ணி? புஸ். புஸ்ஸுன்னுச்சு. போதுமா?"

பொறியாளர் பாட்டிலை வாங்கினாள். பக்கங்களில் இன்னும் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. விரலால் தட்டினாள். கிளம்பி மேலே போயின. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நாத்தனாரும் கை ஈரத்தோடு குனிந்தாள்.

"சோடா மாதிரிதான் இருக்கு," என்றாள் நாத்தனார் தணிந்த குரலில்.

"சோடாவைச் சூடு பண்ணினா என்ன ஆகும்?"

"சப்புன்னு ஆயிடும். காஸ் போயிடும்."

"குளுந்த சோடா?"

"அதுலதான் காரம் நிக்கும். இது கூடத் தெரியாமலா எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டீங்க?"

பொறியாளர் ஆய்வறைக்கு நடந்தாள். ஜன்னல் ஓரம் அன்றைய பாட்டில்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. கதவில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திறந்த வாய் வழியாக நாற்றம் மட்டுமா போயிருக்கும்? பிறகு கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் காலை நுரை ஒரு பெரிய தண்ணீர்க் கேனைக் கொண்டுவந்தார். சவ்வுப் பம்பின் வாயில் குழாயை மாட்டி, கேனின் அடிவரை விட்டு, கொப்பளிக்காமல் விளிம்பு வரை நிரப்பினார்கள். ரப்பர் அடைப்பானில் துளையிட்டு மெல்லிய குழாய் செருகினாள். குழாயின் மறுமுனை வாளித் தண்ணீரில். அங்கே ஒரு கண்ணாடி பாட்டில் தண்ணீர் நிரம்பித் தலைகீழாக நின்றது.

"அண்டா வேணும்," என்றாள் நாத்தனாரிடம். "சுடுதண்ணியோட."

"சமைக்கிற அண்டாவா?"

"கேன் வெளியிலதான் படும்."

"என் அண்டாவுக்குள்ள அது இறங்கினா அது என் அண்டா இல்ல. பழைய அண்டா ஒண்ணு இருக்கு. எடுத்துக்கோங்க. திருப்பித் தர வேணாம்."

முற்றத்தில் அண்டாவை வைத்தார்கள். கேனை இறக்கினார்கள். நுரை அதைத் தோளால் அணைத்து ஆட்டினார், அழும் குழந்தையைத் தூங்க வைப்பதுபோல. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு குழாயின் முனையில் ஒரு குமிழ். இன்னொன்று. பிறகு கோவையாக.

தலைகீழ் பாட்டிலில் தண்ணீர் இறங்கியது. பாதி இறங்கியதும் அவள் பாட்டில் வாயைத் தண்ணீருக்குள்ளேயே உள்ளங்கையால் மூடி எடுத்து நிமிர்த்தினாள். நுரை தீக்குச்சி கிழித்தார். அவள் கையை விலக்கினாள்.

பப்பென்று மென்மையான சத்தம். நீலச் சுடர் ஒன்று பாட்டிலின் கழுத்தில் இறங்கி மறைந்தது. வெளிச்சத்தில் சரியாகக்கூடத் தெரியவில்லை.

மூவரும் பாட்டிலையே பார்த்தார்கள்.

"தண்ணி எரியுது," என்றார் நுரை.

"தண்ணி எரியல. தண்ணி தூக்கிட்டுப் போனது எரியுது. குளிர் ஏற ஏறத் தண்ணி வாயுவை அதிகமாப் பிடிச்சு வச்சுக்கும். பம்பு தண்ணியை உறிஞ்சுது. அதோட இதுவும் போகுது. வாய்க்கால்ல விழுந்ததும் காத்துல கலந்துடுது."

"அப்போ நான் இரண்டு நாள் தடவினது?"

"தொட்டி ஒழுகல அண்ணே. கதவைத் திறந்து நாமளேதான் அனுப்பியிருக்கோம்."

நுரை வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெளிந்த தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. கோப்பையையும் பிரஷையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். அங்கே தடவ எதுவும் இல்லை.

"சரி, போன இடம் தெரிஞ்சுது," என்றாள் நாத்தனார். "எப்படித் திருப்பிக் கூட்டிட்டு வருவீங்க? ஊர்த் தண்ணி மொத்தத்தையும் அண்டாவுல வச்சா?"

அது சரியான கேள்வி. தண்ணீரைச் சூடாக்க ஆகும் எரிவாயு, கிடைப்பதைவிடப் பல மடங்கு.

சாயங்காலம் அந்தக் கேள்வியைக் கணவனிடம் கொண்டுபோனாள். அவன் கேட்டுக்கொண்டே ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தை விரித்துப் பேனா எடுத்தான்.

"சோடா போடறதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"தெரியாது."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கியா?"

"இப்பக் கேக்கறேன்ல."

"தண்ணியில ஏற்கெனவே காத்து கலந்திருக்கும். அதை எடுக்கணும். எடுக்கலைன்னா பாட்டில் நிரப்பும்போது நுரைச்சு வழியும்." ஓர் உருளை வரைந்தான். அதற்குள் நெருக்கமாகக் கோடுகள். "உள்ள வெள்ளை வெள்ளையா நூல். ஆயிரக்கணக்குல. ஒவ்வொரு நூலும் உள்ள குழாய் மாதிரி பொள்ளல். நூலுக்கு வெளிய தண்ணி ஓடும். நூலுக்கு உள்ள பம்பு வச்சு உறிஞ்சுவோம். நூலோட தோலுக்குத் தண்ணின்னா ஆகாது. தண்ணி உள்ள நுழையாது. கலந்திருக்கற காத்து மட்டும் தோல் வழியா உள்ள வந்துடும்."

அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எங்க சவ்வு தண்ணியை விடும். மத்ததைத் தடுக்கும்."

"எங்களுது தண்ணியைத் தடுக்கும். மத்ததை விடும்."

"ஒண்ணு அண்ணன், ஒண்ணு அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒரு விஷயத்துலயாவது ஒத்துப் போங்களேன்."

"இது ஒண்ணு கிடைக்குமா?" என்றாள் அவள்.

"பழசு ஒண்ணு கழட்டி வச்சிருக்கோம். பத்துல இரண்டு நூல் அறுந்திருக்கும். அதை அடைச்சுடலாம். கேட்டுப் பார்க்கறேன்."

மறுநாள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு தலையணை நீளம் இருந்தது.

"கொடுத்துட்டாங்களா?"

"எதுக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். திருப்பிக் கொண்டு வந்துடாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

அவனும் நுரையும் அதைச் சவ்வுப் பம்பின் வெளிவாயில் பொருத்தினார்கள். நூல்களின் உள்பக்கத்தை ஒரு சின்ன உறிஞ்சு பம்போடு இணைத்து, அதன் வாயை அடுப்புக் குழாயில் சேர்த்தார்கள். இடையில் அவள் ஒரு வால்வும், அது மூடியிருக்கும்போது வாயுவை வெளியே விட ஒரு குழாயும் வைத்தாள். வாயுவைச் சோதிக்காமல் அடுப்புக்கு விடக் கூடாது.

பம்பு ஓடியது. சோதித்தாள். முகம் மாறியது.

"பாதிக்குப் பாதி வெறும் காத்து. நிறுத்துங்க. இதைப் பத்த வச்சா அடுப்போட நாமளும் போயிடுவோம்."

"கசிவா?" நுரைக்கு உயிர் வந்தது. பிரஷை எடுத்தார். எல்லா இணைப்புகளிலும் தடவினார். ஒரு குமிழ் கிளம்பவில்லை. இன்னொரு சுற்று தடவினார். அவர் முகம் சிவந்தது.

"கசிவே இல்ல மேடம். உங்க மீட்டரைப் பாருங்க."

கணவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். சொல்ல வந்தான். அவள் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவளும் நுரையின் அருகே மண்டியிட்டாள்.

"அண்ணே, இது தள்ளற குழாய் இல்ல. இழுக்கற குழாய். பம்பு ஓடட்டும். வால்வு மூடித்தான் இருக்கு, வாயு வெளிக்குழாய் வழியா மேல போயிடும். இன்னொரு தடவை தடவுங்க. நுரை எங்க வருதுன்னு பார்க்காதீங்க. எங்க காணாம போகுதுன்னு பாருங்க."

பம்பு ஓடியது. நுரை மெதுவாகத் தடவினார். முதல் இணைப்பில் சோப்பு நுரை இருந்தபடி இருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதில் வெள்ளை விளிம்பு மெல்லச் சுருங்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி, உள்ளே போய்விட்டது. அவர் மறுபடியும் தடவினார். மறுபடியும் உள்ளே போனது.

"குடிக்குது பாருங்க," என்றார். மூன்றாம் முறையும் தடவினார், தேவை இல்லாமலே. "நான் வச்சதை அப்படியே குடிக்குது!"

இணைப்பை இறுக்கினார்கள். மீண்டும் சோதித்தாள். வால்வைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை கிரேன் சீக்கிரமே வந்துவிட்டது. ஓட்டுநர் பருத்த ஆள். இறங்கியதும் தொட்டியைச் சுற்றி வந்து, கொக்கி மாட்ட வேண்டிய இடங்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு வாசம் பிடித்துக்கொண்டு உணவகத்துக்குள் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்குத் தூக்கணும்?"

"சாப்பிட்டுட்டு," என்றாள் நாத்தனார். "தூக்கணும்னா."

வலது அடுப்பின் மேல் கவிழ்த்துவைத்த பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. இடது அடுப்பில் கிழங்கு. முட்டை ஏற்கெனவே வெந்து தட்டில் ஆறியது. சுடர் பாத்திரத்தின் அடியை முழுதாகத் தொட்டது. பொறியாளர் கதவோரம் நின்றாள். உட்கார முடியவில்லை.

மேலாளர் வந்தார். தரையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். சுவருக்கு வெளியே கேட்ட முனகலைக் கேட்டார்.

"என்ன சத்தம்?"

"உறிஞ்சு பம்பு சார். தண்ணியில கலந்து போற வாயுவை இழுக்குது. குளிர்ல பாதி அங்கதான் போயிருக்கு."

"தண்ணியிலயா?" அவர் நம்பவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். அணைத்தார்.

பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சுடரின் நுனி தளர்ந்தது. பிறகு மொத்தமும் தாழ்ந்து பர்னரோடு ஒட்டிக்கொண்டது. கொதி அடங்கியது.

மேலாளர் சுவிட்சைப் போட்டார். காத்திருந்தார். சுடர் ஏறியது. குனிந்து பார்த்தார். மறுபடியும் அணைத்தார்.

"சார்," என்றாள் நாத்தனார், "சின்னப் பிள்ளை மாதிரி விளையாடாதீங்க. கிழங்கு பாதி வெந்திருக்கு."

"இருங்கம்மா. ஒரே ஒரு தடவை."

"ஒரு தடவைதான் ஏற்கெனவே ஆச்சு. பசியில இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க."

அவர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் மட்டும் சுடரை விட்டுப் போகவில்லை.

சாப்பாடு கொஞ்சம் தாமதமாக ஆனது. எல்லோருக்கும் ஆனது. கிரேன் ஓட்டுநர் மறு தட்டு வாங்கினார். மேலாளர் பொறியாளருக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கைப் பிட்டார்.

"அந்தப் பம்பு எவ்வளவு மின்சாரம் குடிக்குது?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியாது சார். வாயு வருதான்னுதான் இதுவரைக்கும் பார்த்தேன்."

"குடிக்கிறது கொடுக்கிறதைவிட அதிகமா இருந்தா?"

"இருக்கலாம். பழைய பம்பு. தேவைக்கு மேல இழுக்குது. எவ்வளவு இழுத்தாப் போதும்னு இன்னும் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"வெயில் காலமும் பார்க்கணும். அப்போ தண்ணி கம்மியாத்தான் பிடிச்சு வச்சுக்கும். பம்பே வேண்டாமோ என்னவோ. இரண்டையும் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"நல்லா ஓடுதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

மேலாளர் மென்றுகொண்டே இருந்தார். வெளியே பம்பு முனகியது. அவர் தலையை அந்தப் பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"குளிர்ல பம்பை இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினா?"

"பார்க்கலாம்."

"மெதுவா ஓட்டினா?"

"அதையும் பார்க்கணும்."

"பார்த்துட்டு என்கிட்ட சொல்லுங்க. சொல்ற வரைக்கும் தொட்டி நிக்கட்டும்." உடனே அவர் முகம் சுருங்கியது. "லாரி?"

"சார், அப்போ நான் எதைத் தூக்கறது?" என்றார் கிரேன் ஓட்டுநர். "வந்தா எதையாவது தூக்கணும். சும்மா திரும்பிப் போனா வண்டிக்கு நல்லதில்ல."

நுரை தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"சேறு காயப் போடற இடத்துக்குப் பின்னால அந்தச் செத்துப்போன புளோயர் கிடக்கே, குளத்துக்குக் காத்து ஊதின பழைய மிஷின். யாராலயும் நகர்த்த முடியாம விட்டது."

எல்லோரும் எழுந்து போனார்கள். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். புதர் மூடிய இரும்பு, ஒரு மாட்டு வண்டி அளவு. கிரேன் முக்கியது. கயிறு இறுகியது. வேர்கள் அறுந்தன. புளோயர் மண்ணை உதிர்த்துக்கொண்டு மேலே போனது. கீழே வெளிறிய சதுர நிலம்.

மேலாளர் அந்தச் சதுரத்தில் இறங்கினார். குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து அளந்தார். சுவர் வரை போனார். திரும்பி வந்தார்.

"நீளம் சரி. அகலத்துல ஒரு சாண் இடிக்குது."

பொறியாளர் சுவரைப் பார்த்தாள். சுவரை நகர்த்த முடியாது. புளோயர் தலைக்கு மேலே மெதுவாகச் சுழன்றது.

கிரேன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"லாரிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்குல்ல சார்? உள்ள போகும்போது மடக்கிக்கச் சொல்லுங்க."

மேலாளர் இடைவெளியைப் பார்த்தார். தொட்டி நிற்கும் பக்கம் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்து, உள்ளங்கைகளை மெல்ல உள்ளே மடக்கினார்.

"மடக்கிக்கலாம்," என்றார்.